ஊசி அட்டை இல்லையென்றால் சேர்க்கை இல்லையா?

வேலூர் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஐவருக்கும் வணக்கம்.

பள்ளியிலும் பால்வாடியிலும் சேர்க்கத் தடுப்பூசிச் சான்று கட்டாயம் என்று சட்டம் கேட்பவர்கள் கலிபோர்னியாவைக் காட்டுகிறார்கள். டிஸ்னிலேண்டில் தட்டம்மை பரவிய பின், நம்பிக்கையில்லை என்று எழுதிக் கொடுத்துப் பெற்றோர் தப்பிக்கிற வழியை 2015-இல் அங்கே அடைத்தார்கள். அங்கே சிக்கல், ஊசியே வேண்டாம் என்கிறவர்கள்.

இங்கும் அவர்கள் உண்டு. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிக்கு வந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அன்றைக்கு மட்டும் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டவர்களை ஆசிரியையாகப் பார்த்திருக்கிறேன். படித்த வீடுகள்தான். சட்டம் வந்தால் அவர்கள் எப்படியும் ஒரு சான்று வாங்கிவிடுவார்கள்.

மாட்டுகிறவள் பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வருகிறவள், செங்கல் சூளைக்குப் பிழைக்க வந்தவள். அவளிடம் அட்டை இருக்கும். நாலாக மடித்து, ரேஷன் கார்டோடு கவரில் வைத்திருப்பாள். ஒன்பதாம் மாதக் கட்டத்தில் தேதி தெரியும். ஒன்றரை வயதுக் கட்டம் வேர்வையில் கரைந்திருக்கும். கேட்டால், "தொடையில போட்டாங்க டீச்சர், ராத்திரியெல்லாம் காய்ச்சல்" என்பாள். தொடையில் போட்டது முத்தடுப்பு ஊசி. அதே வயதில் போட வேண்டிய தட்டம்மை ஊசி கையில் போடுவது. அதைப் போட்டார்களா என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு ஊசியும் இல்லை, பால்வாடி முட்டையும் இல்லை.

வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. ஊசி அட்டைக்கும் அதே நியாயம்தானே? முதலில் சேருங்கள். அட்டையைப் பார்ப்பது பள்ளியின் வேலை. விடுபட்டவர் பட்டியலை வைத்துக்கொண்டு பள்ளிக்கே வந்து போடுவது சுகாதாரத் துறையின் வேலை. ஐந்து வயது பூஸ்டர் எப்படியும் ஒன்றாம் வகுப்பில்தான் வருகிறது. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போட முடியாது. கூட உட்காரும் பிள்ளைகள் போட்டிருந்தால்தான் அதற்குக் காப்பு. இதற்காகவாவது ஒரு பிள்ளையையும் விடாமல் போட்டாக வேண்டும்.

2011-க்குப் பிறகு இயற்கையாகப் பரவுகிற போலியோவை நம் நாட்டில் நாம் பார்க்கவில்லை. அதற்காக எந்தப் பள்ளிக் கதவையும் சாத்தவில்லை. பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் சொட்டு மருந்துப் பெட்டியோடு நின்றார்கள்.

எனவே அடுத்த கூட்டத்தொடரில் ஒரு கேள்வி எழுப்புங்கள்: அணைக்கட்டு தொகுதியின் மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியர் பணியிடம் எத்தனை காலி, எப்போது நிரப்புவீர்கள்? பதில் வரட்டும். சட்டத்தை அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒடுகத்தூர்