சத்தம் ஏறும், இழுவை இறங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் முப்பது வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி வந்தார். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ கிடையாது. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, கீழே ஏதோ ஒரு கடையில் இரண்டரை அங்குலக் குழாயை நேராகப் போட்டிருந்தார்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரையும் காணோம். "பவர் ஏறியிருக்குங்கண்ணா, ஆனா கிளட்ச்தான் நாறுது" என்றார்.

மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியர் இழுக்கவில்லை. ஃபர்ஸ்டுக்குப் போட்டு, அரை கிளட்சிலேயே மேலே ஏற்றியிருக்கிறார். பிளேட் கருகிப்போயிருந்தது.

விறகடுப்பு ஊதியவர்களுக்கு இது புரியும். ஊதுகுழல் ஒடுக்கமாக இருந்தால்தான் காற்று வேகமாகப் போய்த் தீ பிடிக்கும். அகலமான மூங்கிலில் ஊதினால் வாய்தான் வலிக்கும். எஞ்சினிலிருந்து புகை விட்டுவிட்டுத்தான் வருகிறது. குழாயில் ஒரு வீச்சு வேகமாக ஓடினால், பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். அளவுக்கு மீறி அகலமான குழாயில், குறைந்த சுற்றில், அந்த வேகம் செத்துவிடும். 'பேக் பிரஷர் (புகையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம்) வேண்டும்' என்று எங்கள் தொழிலிலேயே சிலர் சொல்வார்கள். அது தப்பு. அழுத்தம் தேவையில்லை, ஓட்டம்தான் தேவை.

நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் அந்தக் குழாய் கொஞ்சம் கூடுதல் பவர் தரும், மறுக்கவில்லை. ஆனால் மலைப்பாதையில் வளைவில் திரும்பும்போது எஞ்சின் இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழேதானே இருக்கிறது? போதாததற்கு 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. சமவெளியில் 80 குதிரைத்திறன் தரும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே 65 தந்தால் பெரிது. இருக்கிற இழுவையில் இன்னும் கொஞ்சம் போனாலும் மலையில் உடனே தெரிந்துவிடும்.

டர்போ வண்டிக்குக் கதை வேறு. டர்போவுக்குப் பின்னால் வழி தாராளமாக இருந்தால் அது சீக்கிரம் சுழன்று எழும். அதற்கும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவைச் சரியாக ட்யூன் செய்ய வேண்டும். வெறும் குழாயை மட்டும் மாற்றுவது அரைவேலை.

கன்வர்ட்டரை எடுத்தால் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டியில் செக் எஞ்சின் விளக்கு எரியும். அதை அணைக்கவும் ஆள் வைத்திருக்கிறார்கள்! மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. செக்போஸ்ட்டில் பிடிபடுவது ஓட்டி வருகிற பையன்தான். மாட்டிவிட்ட கடைக்காரரை யாரும் கேட்பதில்லை. அந்தக் கடைகளையும் அதிகாரிகள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தம்பியின் பழைய சைலன்சர் நல்லவேளையாக அவர் வீட்டில் பத்திரமாக இருந்தது. கன்வர்ட்டரோடு சேர்த்துத் திரும்ப மாட்டி, புது கிளட்ச் பிளேட்டும் போட்டு, பர்லியாறு வரை இறங்கி ஏறினோம். முக்கால்வாசி வளைவை செகண்டிலேயே எடுத்தார். "சத்தம்தான் இல்லைங்கண்ணா" என்று வருத்தப்பட்டார்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
குன்னூர், நீலகிரி