உடுக்கை அப்புச்சி

அன்புள்ள கண்ணுக்கு,

போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், பேச்சு நடக்காது. அதனால்தான் எழுதுகிறேன். உடுக்கை அப்புச்சி செவ்வாய்க்கிழமை விடிகாலையில் போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தாராம்.

கொழிஞ்சாம்பாறையில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மேலே மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்', கீழே தமிழில் 'கண்ணீர் அஞ்சலி', பெயருக்கு அடியில் 'நாட்டுப்புறக் கலைஞர்'. பார்த்திருந்தால் "யாருடா அது?" என்று கேட்டிருப்பார். ரேஷன் கார்டு மலையாளத்தில் வருகிற ஊரில், மலையாளத்துக்காரர்களும் பாய் விரித்து உட்கார்ந்து பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அண்ணன்மார் கதையை இவர் உடுக்கையடித்துப் பாடக் கேட்டார்களே, அது பொன்னர் சங்கருக்காக இல்லை, என் பெரியப்பா, உன் அப்புச்சி, அவர் குரலுக்காக.

மழை நாளில் உடுக்கைத் தோல் தளர்ந்துவிடும். ஓலைத் தீயில் லேசாகக் காட்டி, காதோரம் வைத்து விரலால் சுண்டிப் பார்ப்பார். நீ பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்பாய், ஞாபகம் இருக்கிறதா? இடது கையால் நடுக்கயிற்றை இறுக்கினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து கிடக்க, அவர்கள் தங்கை தங்காள் வந்து பார்க்கிற இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவார். ஒரே ஒரு தட்டு. அப்புறம் பிடியை மெல்ல மெல்லத் தளர்த்துவார். சத்தம் அப்படியே வழிந்து இறங்கும். பெண்கள் பக்கம் மூக்குச் சிந்துவது மட்டும்தான் கேட்கும்.

முழுக் கதையும் பாட பதினெட்டு ராத்திரி வேண்டும். பிரெண்டா பெக் என்ற வெளிநாட்டு அம்மா 1965-ல் கொங்குப் பக்கம் ஓலப்பாளையத்தில் இதே கதையை டேப்பில் பதிந்தார் என்று எங்கோ படித்துவிட்டு, நம் ஊர்ப் பாட்டையும் பதிந்தே தீருவேன் என்று உன் அப்பா கிளம்பினார். வாங்கியது பதினொரு கேசட். மூன்றாம் ராத்திரியோடு தீர்ந்துபோனது. மிச்சத்தை அடுத்த கோயில் நோம்பிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த நோம்பி வந்தபோது கையில் காசில்லை. அதற்கடுத்த வருஷம் ஞாபகமே இல்லை. தங்காள் அழுகிற ராத்திரி எந்தக் கேசட்டிலும் இல்லை, கண்ணு. எனக்கு அதுதான் ஆறவில்லை.

நேற்று அட்டைப்பெட்டியை இறக்கினேன். நம் பழைய டேப் ரெக்கார்டரில் பெல்ட் போய்விட்டது போல, குரல் இழுத்து இழுத்து வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு கேசட்டிலும் இரண்டாம் பக்கம் ஆரம்பிக்கும்போது, "மாத்தீட்டீங்களா மாப்ள?" என்று கேட்கிறார். "ஆச்சுங்க மாமா, பாடுங்க" என்கிறார் அப்பா. சாமி வந்து ஆடுகிறவர்களுக்குக்கூட நிறுத்தாத மனுஷன், கேசட்டைத் திருப்பிப் போடுவதற்காக அத்தனை தடவை நிறுத்தியிருக்கிறார். அப்பா அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் போட்டுக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கேசட்டைப் போனில் ஏற்றித் தருகிற கருவி ஏதோ இருக்கிறதாமே, வரும்போது வாங்கி வா. ஏற்றும்போது எதையும் வெட்டிவிடாதே. நாலாவது கேசட்டில் கொஞ்ச தூரம் பாட்டு இல்லை. ஒண்ணாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு நீ மனப்பாடம் செய்த பேச்சு இருக்கிறது. பட்டனை அமுக்கிக் கொடுத்தது நான்தான். உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

அன்புடன்,
அம்மா