ஆரேயில் ஆள் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், மும்பை நகருக்குள்ளேயே இருக்கும் ஆரே காட்டுப் பகுதி பற்றிய கட்டுரையில், "மரங்களும் சிறுத்தைகளும் மட்டுமே குடியிருக்கும் பசுமை" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஆரேயில் 27 பாடாக்கள், அதாவது பழங்குடிக் குடியிருப்புகள், இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கேல்டிபாடா, ஜீவாச்சாபாடா, கம்பாச்சாபாடா. அங்கே வாழ்பவர்கள் வார்லிகள், மல்ஹார் கோலிகள், கொக்னாக்கள் என்ற பழங்குடிகள். அரசின் ஆரே பால் காலனி வந்தது 1949இல். அவர்கள் அதற்கும் முன்பே அங்கே இருந்தவர்கள். கட்டுரையாளர் வியந்து எழுதிய சிறுத்தையை வாகோபா என்ற தெய்வமாகக் கும்பிடுகிறவர்களும் அவர்களே.

நான் ஆரேயில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எருமைத் தபேலாவில் (தொழுவத்தில்) வேலை பார்த்தார். பிழைக்க வந்த எங்களுக்குக் குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர், கரண்ட் எல்லாம் கிடைத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பாடாவில் சிம்னி விளக்குதான். என்னோடு படித்த வார்லிப் பெண் தன் மகனுக்கு ஜாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, 1950க்கு முந்தைய காகிதம் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தாத்தாவுக்கு என்ன காகிதம் இருக்கும்? எங்கள் அப்பாவின் ரேஷன் கார்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

2006 வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடிகளுக்கு அவர்கள் நிலத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. அரசோ ஆரே காடே இல்லை என்று கோர்ட்டில் வாதாடியது. காடு இல்லையென்றால் அந்த உரிமையும் இல்லை. 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக இரவோடு இரவாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டினார்கள். அதற்கு முன்பே பிரஜாபூர்பாடா குடும்பங்களைக் கிளப்பிக் கொண்டுபோய் அடுக்குமாடியில் அடைத்தாயிற்று. ஒடிஷாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகளைக் கூட்டி, மலையைத் தோண்டலாமா என்று கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கத் திட்டம் நின்றது. இங்கே யாரைக் கேட்டார்கள்?

பிறகு 2020இல் 800 ஏக்கரைக் காப்புக் காடாக்குவதாக அறிவிப்பு வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆளில்லாத காடு என்று பத்திரிகையே எழுதிவிட்டால், நாளை காலி செய்யச் சொல்கிறவனுக்கு அதுவே சாட்சியாகிவிடும், ஐயா.

ஐ.நா.வின் 2007 பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு நம் நாடு ஆதரவாக ஓட்டுப் போட்டது. கூடவே, இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்றும் சொல்லிவிட்டது. எல்லோரும் பூர்வகுடி என்றால் வார்லிக்குத் தனியாக என்ன மிச்சம்? தாங்களும் ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடிகள் நாள் வந்தால் வார்லிகளின் தார்ப்பா நடனப் படம் ஒன்று போடுகிறீர்கள். தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் பழங்குடிகளை வதைத்த அரசு ஊழியர்களுக்கான தண்டனைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தபோது உள்பக்கத்தில் நாலு வரி. முப்பது வருஷத்துக்கு மேல் போராடிய மலை ஜனங்களுக்கு நம் தமிழ்ப் பத்திரிகையில் அவ்வளவுதான் இடமா?

கட்டுரையோடு வந்த வரைபடத்தில் பிலிம் சிட்டி இருக்கிறது, பிக்னிக் பாயிண்ட் இருக்கிறது. ஒரு பாடாகூட இல்லை. அந்த 27 பெயர்களையும் சேர்த்துத் திருத்திய படத்தை அடுத்த ஞாயிறு மலரிலேயே வெளியிட வேண்டுகிறேன். பெயர்கள் தேவைப்பட்டால் நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
கோரேகாவ் கிழக்கு, மும்பை