பழைய சொகுசு காரும் வால்வில் படியும் கரியும்

ஆசிரியருக்கு,

பழைய ஆடி, பிஎம்டபிள்யூ வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெயின்ட், டயர், கிலோமீட்டர் எல்லாம் பார்க்கிறார்கள், இன்டேக் வால்வில் (சிலிண்டருக்குள் காற்றை விடும் வால்வு) கரி படிந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுவதால் வால்வின் பின்பக்கத்தைக் கழுவ ஒன்றுமில்லை, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கேயே படிந்து கெட்டியாகிவிடும். பிஎம்டபிள்யூவின் என்54 இன்ஜின் இதற்குப் பேர்போனது. டேங்கில் ஊற்றும் கிளீனர் அங்கே எட்டவே எட்டாது (விற்பவர் என்னவோ அதைத்தான் சிபாரிசு செய்வார்!). இன்ஜின் ஆறியிருக்கும் காலையில் போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது தடுமாறினால், போரோஸ்கோப் (இன்ஜினுக்குள் நுழைக்கும் குட்டி கேமரா) விட்டுப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருக்கும், அந்தக் கூலியை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.

– ஒரு வாசகர், சென்னை