மின்னூட்டத்தைப் பார்த்துப் பொருண்மையைச் சொல்ல முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த அணுத்துகள் கட்டுரையைப் படிவம் 5 படிக்கும் என் பேத்தி கத்தரித்து நோட்டுப்புத்தகத்தில் ஒட்டிவைத்திருந்தாள். "மின்னூட்டம் இருப்பதால் புரோட்டான் கனமானது, அது இல்லாத நியூட்ரான் சற்று இலேசானது" என்ற வரியின்கீழ் சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தாள். அந்த வரி தவறு. 30 ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பித்த எனக்கு, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

நியூட்ரான்தான் புரோட்டானைவிடக் கனமானது. வித்தியாசம் ஏறக்குறைய 0.14 விழுக்காடுதான் என்றாலும், கட்டுரை சொன்னதற்கு நேர்மாறு.

மின்னூட்டம் பொருண்மையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு எலக்ட்ரானையும் புரோட்டானையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று எதிர்மின், மற்றது நேர்மின்; அளவில் இரண்டின் மின்னூட்டமும் சமம். பொருண்மையிலோ, அதாவது அடங்கியுள்ள பருப்பொருளின் அளவிலோ, புரோட்டான் எலக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு. எலக்ட்ரானுக்கு மியூவான் என்று ஓர் அண்ணன் உண்டு. 1936இல் விண்கதிர்களை ஆராய்ந்தபோது அகப்பட்டது. மின்னூட்டம் அதேதான், பொருண்மை 207 மடங்கு. அதற்கும் மூத்த டாவ் துகள் ஏறத்தாழ 3,477 மடங்கு. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும் பெரியவர்களுக்கு, ஒல்லியானவரோ பருத்தவரோ, கட்டணம் ஒன்றுதான். டிக்கெட்டைப் பார்த்து ஆளின் எடையைச் சொல்லிவிட முடியுமா?

குழப்பத்தின் வேர் பாடத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1897இல் இயற்பியலாளர் தாம்சன் அளந்தது மின்னூட்டத்துக்கும் பொருண்மைக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் கற்றை வளைவதைக் கொண்டு அதற்குமேல் பிரித்தறிய வழியில்லை. பின்னர் மில்லிக்கன் என்ற இயற்பியலாளர் எண்ணெய்த் துளிகளை வைத்து மின்னூட்டத்தைத் தனியே அளந்தார். அதன் பிறகே எலக்ட்ரானின் பொருண்மை துல்லியமாகக் கிடைத்தது. இரண்டையும் ஒரே பின்னத்தில் மேலும் கீழுமாகப் பார்த்த மாணவன், ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்று எண்ணிக்கொள்கிறான். என் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அப்படி எழுதுவார்.

கட்டுரையாளர் சொன்னதில் ஓர் அணுவளவு உண்மை இல்லாமல் இல்லை. மின்னூட்டத்தைச் சுற்றியுள்ள புலத்துக்கு ஆற்றல் உண்டு. ஆற்றல் என்றால் பொருண்மையிலும் அது சேரும். அணுவைவிடச் சிறிய பையான் என்னும் துகள்களில் இது தெரிகிறது: மின்னூட்டமுள்ள பையான் 139.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் பொருண்மையைச் சொல்லும் அலகு), இல்லாதது 135.0. புரோட்டானிலும் இந்தச் சேர்க்கை இருக்கிறது. ஆனால் அங்கே, உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்னும் இன்னும் சிறிய துகள்கள் கணக்கை மாற்றிவிடுகின்றன. புரோட்டானில் இரண்டு மேல் குவார்க்கும் ஒரு கீழ் குவார்க்கும் உள்ளன. நியூட்ரானில் அது தலைகீழ். கீழ் குவார்க் மேல் குவார்க்கைவிடக் கனம். அந்தக் கூடுதல், மின்புலம் தரும் கூடுதலை விஞ்சிவிடுவதால் நியூட்ரான் முந்துகிறது. இந்தச் சிறு வித்தியாசத்தை மீத்திறன் கணினிகளில் கணக்கிட்டு 2015இல் வெளியிட்டார்கள்.

அந்த வரி சொன்னபடி புரோட்டான் கனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்று தனித்துவிடப்பட்ட நியூட்ரான் சராசரியாகக் கால்மணி நேரத்துக்குள் புரோட்டானாகச் சிதைகிறது. புரோட்டான் கனமாக இருந்திருந்தால் இது தலைகீழாகி, ஹைட்ரஜன் அணுவில் உள்ள புரோட்டான் தன் எலக்ட்ரானை விழுங்கி நியூட்ரானாகியிருக்கும். ஹைட்ரஜன் நிலைக்காது, தண்ணீர் இராது. இவ்வளவும் தொங்கிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணைத்தான் நம் பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டுவிட்டோம்.

இன்னொன்று. தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் 'பொருண்மை' என்று படித்த பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'ஜிசிம்' என்று படிக்கிறார்கள். கட்டுரை அதை 'எடை' என்கிறது. எடை என்பது புவியீர்ப்பு விசை. ஆரம்பப்பள்ளியிலேயே கற்ற சொல்லை நம் பத்திரிகையே மாற்றிக் குழப்பக் கூடாது.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், ஒரு மூலையில் அல்லாமல் கண்ணில் படும்படி, திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். எலக்ட்ரான், மியூவான், டாவ், புரோட்டான், நியூட்ரான் ஆகிய ஐந்தின் மின்னூட்டத்தையும் பொருண்மையையும் சிறு அட்டவணையாகத் தந்தால் நல்லது. அதை ஒட்டுவதற்குப் பேத்தி எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டுவைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு