மாட்டுக்கொட்டகை ஓடு கொடுத்த ஆயாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊராருக்கும், வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி நல்ல மழை. பழைய பள்ளிக்கூடத்துக்குள் டார்ச் அடித்துக்கொண்டு மூலைக்கு மூலை போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்த நிம்மதியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். இடிக்க இருந்த அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றி, ஊர்ப் பொதுக்கூடமாக மாற்ற இத்தனை மாதம் பட்ட பாட்டைத் திரும்பச் சொல்ல வேண்டாம். இடிக்கிற வண்டி வாசல்வரை வந்து திரும்பியதை எல்லோரும் பார்த்தோம்.

சுவர் உறுதியாகத்தான் இருந்தது. கூரைதான் கவலை. 2018-இல் கஜா புயல் தூக்கிப்போன ஓடுகளுக்குப் பதிலாகத் தார்ப்பாய்தான் கிடந்தது. புது ஓடு வாங்கிப் பார்த்தோம், சேரவில்லை. சீமை ஓட்டில் கம்பெனிக்குக் கம்பெனி வாய் மாறும். பள்ளமும் மேடும் கவ்வாவிட்டால் அந்த இடுக்கிலேயே தண்ணீர் இறங்கிவிடும். மொத்தக் கூரையையும் மாற்றக் காசில்லை. சரி, தகரம் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். வேதாரண்யத்து உப்புக் காற்றில் தகரம் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

மறுநாள் விடிகாலையில் ஆயா வந்தார். பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சத்துணவில் நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போட்டவர் என்றால் தெரியும். இடுப்பில் ஒரு கூடை, அதில் நாலு ஓடு. "இது சேருமான்னு பாருங்க தம்பி" என்றார். ஆசாரி ஒன்றை வாங்கிப் பழைய ஓட்டின்மேல் வைத்தார். நச்சென்று உட்கார்ந்தது.

அவர் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓடு அது. புயலுக்கு அப்புறம் மாடுகளை விற்றுவிட்டாராம், கொட்டகை சும்மாதான் கிடக்கிறதாம். போய்ப் பார்த்தால் சும்மா இல்லை. அவருடைய விறகு, நெல் மூட்டை எல்லாம் அதற்குள்தான் இருந்திருக்கிறது. அதையெல்லாம் திண்ணைக்கு மாற்றிவிட்டு, பேரனை மேலே ஏற்றிப் பாதிக் கூரையை அதற்குள் பிரித்திருந்தார். ஒவ்வொரு ஓட்டையும் தேங்காய் நாரால் தேய்த்துப் பாசி போக்கி, விரிசல் விட்டதை ஒதுக்கி, பத்துப் பத்தாக அடுக்கி, அடுக்குக்கு ஒரு கரிக்கோடு சுவரில் போட்டிருந்தார். முப்பத்திரண்டு கோடு. பணத்தை நீட்டியபோது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "கஜாவுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துலதானே தம்பி எல்லாருக்கும் சோறு வெந்துச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வீடு வீடாக நன்கொடை கேட்டுப் போன நாங்கள் அவர் வீட்டுப் படியை மட்டும் ஏறவில்லை. அவரிடம் என்ன இருக்கும் என்று நினைத்துவிட்டோம். அது இன்னும் உறுத்துகிறது. ஆயா, மன்னித்துவிடுங்கள்.

கிராம சபையில் கை தூக்கியவர்கள், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்பிய பிள்ளைகள், உப்பள வேலை முடிந்து வந்து மண் சுமந்த பெண்கள், கூலியில் பாதியை விட்டுக்கொடுத்த ஆசாரி, எல்லோருக்கும் நன்றி. கொத்தனார் அண்ணனுக்குத் தனியாக ஒரு வார்த்தை: சுண்ணாம்புச் சுவரில் இடையில் யாரோ பூசிய சிமெண்டைக் கொத்தி எடுக்கச் சொன்னபோது வீண் செலவு என்று வாதாடினேன். ஈரம் வெளியேற வழியில்லாமல்தான் சுவர் உப்புப் பூத்தது என்று பொறுமையாகக் காட்டினார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசிய காரை இப்போது தொட்டால் அவ்வளவு வழுவழுப்பு.

நிரந்தர மேடை ஏன் கட்டவில்லை என்று சிலருக்கு வருத்தம். மேடை வந்தால் அது கல்யாண மண்டபமாகிவிடும். நாம் படித்தபோது மூன்று வகுப்புக்கும் நடுவில் மூங்கில் தட்டிதான் நின்றது. ஆண்டு விழா என்றால் எடுத்து ஓரம் வைத்துவிடுவார்கள். அதையே இப்போது சக்கரம் வைத்துச் செய்திருக்கிறோம். காலையில் தையல் ஒரு பக்கம், மருத்துவ முகாம் ஒரு பக்கம். சாயங்காலம் பிள்ளைகள் படிப்பு. காதுகுத்து என்றால் முழுக் கூடமும். கரும்பலகைகளை எடுக்கவில்லை. சக்கர நாற்காலி ஏற வடக்கு வாசலில் சாய்தளம் இருக்கிறது, அதில் வண்டி நிறுத்தாதீர்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறக்கும் முன்னால் நானே மேலே ஏறி ஓடு மாற்றிக் கொடுப்பேன், உடம்பில் தெம்பு இருக்கும்வரை. ஆயாவின் கொட்டகைக்குக் கீற்று வேய இந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வேண்டும். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். அவர் கொடுத்ததில் பதினோரு ஓடு மிச்சம். தாழ்வாரத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன். அடுப்புக்கு முட்டுக் கொடுக்கவோ வேறு எதற்கோ யாரும் எடுக்க வேண்டாம்.