பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கறவனுக்கு பேட்டரி கணக்கை யாருங்க காட்டுவாங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. போன வாரம் உங்க பேப்பர்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. புது மாடல் எத்தனை கிலோமீட்டர் போகும், எவ்வளவு நேரத்துல சார்ஜ் ஏறும்னு எல்லாம் இருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஷோரூம் பக்கம் போக வசதியில்லாம, கன்சல்டிங்னு சொல்ற பழைய வண்டி விக்கற கடைல வண்டி பாக்கறவங்களுக்கு அதுல ஒரு வரி கூட இல்லைங்க, அதான் எழுதறேன்.

நான் பல்லடத்துலேருந்து திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு தினமும் போய்ட்டு வர்ற ஆளு. போக வர 30 கிலோமீட்டர் வருமுங்க. பெட்ரோல் போட்டு மாளலைன்னு மூணு வருஷம் ஓடின எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணை 55,000 குடுத்து வாங்கினேன். மீட்டர்ல 19,000 தான் ஓடியிருந்துச்சு, பாடி பளபளன்னு இருந்துச்சு, பின் டயர் கூட புதுசா மாத்தி வச்சிருந்தாங்க. ஃபுல் சார்ஜ் போட்டு டிஸ்ப்ளேவ காட்டுனாங்க, 92 கிலோமீட்டர்னு வந்துச்சு, அதை நம்பித்தான் பணத்தை எண்ணிக் குடுத்தேன். நாலாவது நாள் சாயங்காலம் வீரபாண்டி பிரிவு தாண்டும்போது 31 சதவீதம்னு காட்டுன வண்டி அருள்புரம் வர்றதுக்குள்ள 9க்கு வந்து, ஏற்றத்துல ஒரு தடவ முறுக்கினதும் அப்படியே படுத்துருச்சு. நூறு கிலோவுக்கு மேல இருக்கற வண்டிய லாரி போற ரோட்டுல தள்ளிப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும்ங்க. பின்னாடி பைக்ல வந்த தம்பி ஒருத்தர் ஃபுட்ரெஸ்ட்ல காலை வச்சு பல்லடம் வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்து விட்டாரு, அவர் நல்லா இருக்கணும்.

கன்சல்டிங்காரரு "பேட்டரிக்கெல்லாம் நாங்க கேரண்டி தர்றதில்லைங்கண்ணா"ன்னு முடிச்சிட்டாரு. சர்வீஸ் சென்டர்ல ஒரு வாரம் வச்சிருந்து லேப்டாப்ப மாட்டிப் பாத்தாங்க. பேட்டரி ஹெல்த்னு ஒரு கட்டம் இருந்துச்சு, புதுசுல புடிச்ச சார்ஜ்ல இப்ப எத்தனை சதவீதம் புடிக்குதுங்கற கணக்கு அது, அதுல 61னு போட்டிருந்ததை நான் எட்டிப் பாத்துட்டேன். அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க தம்பின்னு கேட்டேன், "அது கம்பெனி டேட்டாங்கண்ணா, வெளிய தரக்கூடாது"ன்னு லேப்டாப்பை அந்தப்பக்கம் திருப்பிட்டான். வண்டி என்னோடது, பேட்டரி என்னோடது, அதோட நம்பர் மட்டும் என்னோடது இல்லையாம். புது பேட்டரி விலை நான் வண்டி வாங்கின விலைய விட அதிகம்னு சொன்னாங்க, அதோட எழுந்து வந்துட்டேன்.

பெட்ரோல் வண்டின்னா காலைல குளுந்து கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி சவுண்ட கேப்போம், சைலன்சர்ல வெள்ளைப் புகை வருதான்னு பாப்போம், தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர கூட்டிட்டுப் போனா பத்து நிமிஷத்துல இது ஆகும் ஆகாதுன்னு சொல்லிருவாரு. இதுல பாக்கறதுக்கு என்னங்க இருக்கு? மூடி சீல் வச்ச பெட்டி. உள்ள நூத்துக்கணக்குல செல்லு கூட இருக்கும், அதுல வரிசையா கோத்ததுல ஒரு கொத்து வீக்கானா போதும், ஆக்சிலேட்டர முறுக்கும்போது அந்தக் கொத்துல வோல்டேஜ் எறங்கி, பேட்டரிய கண்காணிக்கற பிஎம்எஸ்ங்கற சர்க்யூட் மொத்த பேட்டரியையும் நிறுத்திரும், மத்ததுல சார்ஜ் இருந்தாலும் பிரயோஜனமில்லை. முன்னாடி வச்சிருந்தவர் மாசக்கணக்குல சார்ஜ் இல்லாமயே போட்டு வச்சிருந்தாரா, வெயில்லயே நிறுத்தி எப்பவும் ஃபுல்லா வச்சிருந்தாரா, இதெல்லாம் ஓடின கிலோமீட்டர்ல தெரியாது. பிஎம்எஸ்ஸுக்குத்தான் தெரியும். ஆர்சில பாத்தா சேசிஸ் நம்பர் இருக்கு, மோட்டார் நம்பர் இருக்கு, எரிபொருள்னு போட்ட இடத்துல எலக்ட்ரிக்னு இருக்கு. ஃபார்ம் 29, 30ல கையெழுத்துப் போட்டு பேர் மாத்தியாச்சு. பேட்டரிய பத்தி எங்கயும் யாரும் கேக்கலை. 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள போற 250 வாட் சின்ன வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷனே கெடையாது, அதை வாங்கறவங்க நெலம இன்னும் மோசம்.

இன்னொண்ணும் இருக்குங்க. 2022ல வண்டிங்க வரிசையா தீப்பிடிச்சுது, வேலூர்ல ராத்திரி சார்ஜ் போட்ட வண்டி எரிஞ்சு அப்பாவும் மகளும் புகைல செத்துப்போனது அந்த மார்ச்லதான். அதுக்கப்புறம்தான் மத்திய அரசு ஏஐஎஸ் 156ங்கற பேட்டரி விதிய இறுக்கி 2022 டிசம்பர், 2023 மார்ச்னு ரெண்டு கட்டமா கொண்டு வந்துச்சு. சரி, அதுக்கு முன்னாடி வித்த வண்டியெல்லாம் எங்க போச்சு? கன்சல்டிங்லதான் நிக்குது, நம்ம மாதிரி ஆளுங்க வீட்டு வாசல்ல ராத்திரி சார்ஜ் ஏறிட்டிருக்கு.

ஐரோப்பால 2023லயே சட்டம் போட்டுட்டாங்க. பேட்டரியோட ஹெல்த் விவரத்தை வண்டிக்காரன் படிச்சுப் பாக்கற மாதிரி வைக்கணும்னு 2024 ஆகஸ்ட்லேருந்தே விதி, 2027 பிப்ரவரிலேருந்து பேட்டரி விவரமெல்லாம் பதிஞ்ச டிஜிட்டல் பாஸ்போர்ட்டேன்னு விதி. இங்கயும் சில கம்பெனி புது வண்டிக்கு 8 வருஷம், 80,000 கிலோமீட்டர்னு வாரண்டி தருது, ஓசூர்ல வண்டி செய்யற ஏத்தர் 70 சதவீத ஹெல்த்துக்கு கீழ போகாதுன்னே ஒரு வாரண்டி விக்குது. அப்ப அந்த சதவீதத்தை அளக்க முடியுதுன்னுதான அர்த்தம்? ஓசூர்லயும் கிருஷ்ணகிரி பக்கமும் லட்சக்கணக்குல வண்டி செஞ்சு வெளிய அனுப்பறோம், அந்த வண்டி ரெண்டாவது கை மாறும்போது ஒரு துண்டுச் சீட்டு குடுக்க முடியாதா? பேர் மாத்தற அன்னிக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல இன்சூரன்ஸ் பேப்பர் கேக்கற மாதிரி பேட்டரி ரிப்போர்ட்டும் கேக்கட்டும், 200, 300 ரூபா ஃபீஸ் வச்சாலும் கட்டிட்டுப் போறோம். நீங்களும் இதைப்பத்தி அதிகாரிங்ககிட்ட கேட்டு எழுதுங்க சார்.

இப்ப மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கம்பெனி வாட்ச்மேன் ரூம் பிளக்ல சார்ஜ் போட்டுத்தான் வீடு வந்து சேர்றேன், அவருக்கு டீக்காசு தனி. வித்துரலாம்னு வீட்டுல சொல்றாங்க. ஃபுல் சார்ஜ் போட்டா டிஸ்ப்ளேல இன்னிக்கும் 92னுதான் வருது. வாங்க வர்றவர்கிட்ட 61னு நான் வாயில சொல்லலாம், காட்டறதுக்கு என்கிட்ட பேப்பர் இல்லைங்க.

இப்படிக்கு,
பல்லடம் வாசகர் ஒருவர்